கேக்கில் அடித்த ஸ்பிரே நிறம் ஏன் வழிகிறது? வீட்டில் ஏர்பிரஷ் பழகும் ஒருவருக்கு விரிவான பதில்

மகனின் பிறந்தநாளுக்காக, காற்றால் நிறத்தைப் பனிபோல அடிக்கும் சின்ன ஏர்பிரஷ் ஒன்று வாங்கி, விப்பிங் கிரீம் பூசிய கேக்கில் கறுப்பும் சிவப்புமாக அடித்திருக்கிறீர்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த கேக்கைக் காலையில் எடுத்து மேசையில் வைத்த அரை மணி நேரத்துக்குள் நிறம் கோடு கோடாக வழிந்து, கறுப்புக்குள்ளிருந்து ஊதா கசிந்து, கேக் போர்டு வரை இறங்கிவிட்டது என்கிறீர்கள். கருவி மட்டமானதா, இதற்கு டப்பா ஸ்பிரேயே மேலா, வீட்டில் இருக்கும் ஜெல் கலரைக் கரைத்து ஊற்றலாமா, பிள்ளைகள் சாப்பிட இதெல்லாம் நல்லதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தூத்துக்குடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். கடலோர ஊர் என்பதால், சென்னையில் நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டிருக்கிறேன்.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கருவி மேல் தப்பில்லை. இரண்டு காரியம் சேர்ந்து உங்கள் கேக்கைக் கெடுத்திருக்கிறது. ஒன்று, கேக் வியர்த்தது. இன்னொன்று, ஏர்பிரஷால் செய்யக் கூடாத வேலையை அதனிடம் வாங்கியது.

வியர்த்ததைச் சொல்கிறேன். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்குமல்லவா, அதேதான் கேக்கிலும் நடக்கிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கிரீமின் மேல் படிந்து துளியாகிறது. ஏர்பிரஷுக்கென்று விற்கும் நிறங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரைந்தவை. விப்பிங் கிரீமிலோ கொழுப்பு நிறைய இருப்பதால், நிறத்தை எளிதில் தனக்குள் இழுத்துக்கொள்ளாது. மேலாகப் படிந்திருக்கும் நிறத்தின் மீது நீர்த்துளி விழுந்தால் அது மறுபடி கரைந்து ஓடத்தான் செய்யும். கறுப்பு என்று விற்பது பெரும்பாலும் நீலம், சிவப்பு, மஞ்சள் சாயங்களின் கலவை. கரையும்போது அவை ஒரே வேகத்தில் நகர்வதில்லை. நீங்கள் பார்த்த ஊதாக் கசிவுக்குக் காரணம் அதுதான்.

இரண்டாவதுதான் முக்கியம். வெள்ளைக் கிரீமை ஸ்பிரேயால் மட்டுமே கறுப்பாக்க வேண்டுமென்றால் ஏழெட்டுச் சுற்று அடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நீரை அந்தக் கிரீம் தாங்காது. ஏர்பிரஷை நான் வெள்ளையடிக்கும் மட்டையாக நினைப்பதில்லை, கண்ணுக்கு மை தீட்டும் குச்சியாகத்தான் நினைக்கிறேன். அடிப்படை நிறத்தைக் கிரீமிலேயே கலந்துவிடுங்கள். நிழலுக்கும் சாயலுக்கும் மட்டும் ஏர்பிரஷை எடுங்கள். கறுப்பு வேண்டுமா? கிரீமில் கோகோ பவுடரைச் சலித்துக் கலந்து கரும்பழுப்பாக்கிக்கொண்டால் மேலே இரண்டு மெல்லிய சுற்றுக் கறுப்பு போதும். சிவப்புக்கு முதலில் கிரீமை நல்ல ரோஜா நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். கிரீமில் கலந்த நிறம் சில மணி நேரத்தில் தானாகவே ஒரு படி ஆழமாகும் என்பதால், கலந்தவுடன் வெளிறித் தெரிகிறதே என்று மேலும் மேலும் ஊற்ற வேண்டாம்.

வியர்வைக்கு நான் கைக்கொள்ளும் முறை இது. கிரீம் பூசி, ஓரம் நேராக்கி, குறைந்தது ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிடுவேன். ஏசி அறையை முன்கூட்டியே குளிரவைத்து, நிறம், டிஷ்யூ, டர்ன்டேபிள் என்னும் சுழலும் கேக் தட்டு எல்லாவற்றையும் அங்கே எடுத்து வைத்துவிட்டுத்தான் கேக்கை வெளியே கொண்டுவருவேன். பத்து நிமிடத்துக்குள் ஸ்பிரே வேலை முடிந்துவிட வேண்டும். பிறகு மூடாமல் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பேன். மூடி வைத்தால் நிறத்திலுள்ள ஈரம் போக வழியில்லை. அந்த ஒரு மணி நேரம் மீன் குழம்பும் நறுக்கிய வெங்காயமும் ஃபிரிட்ஜுக்குள் இருக்கக் கூடாது, கிரீம் வாடையை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிறகு அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடி, பெட்டியோடு ஃபிரிட்ஜில் வைக்கலாம். பரிமாறும் அன்று பெட்டியைத் திறக்காமல் ஏசி அறையில் இருபது நிமிடம் வையுங்கள். ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக்கின் மேல் படியாது. வாடிக்கையாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் படம் எடுக்கும் ஆசையில் மூடியைத் திறந்துவிடாதீர்கள்.

இனி கருவி. ஏர்பிரஷுக்குள் ஒரு மெல்லிய ஊசி இருக்கிறது. அதன் முனை ஒரு சின்ன மூக்குக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கும். காற்று அந்த மூக்கைச் சுற்றி வேகமாகப் பாயும்போது முனையில் அழுத்தம் குறைகிறது. கிண்ணத்தில் இருக்கும் நிறம் அந்த இடத்துக்கு இழுக்கப்பட்டு, காற்றில் சிதறிப் பனிபோல வெளியே வருகிறது. ஊசியை எவ்வளவு பின்னால் இழுக்கிறீர்களோ அவ்வளவு நிறம். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் நிறம் என்று இரண்டும் தனித்தனியாக இயங்குவது இரட்டைச் செயல் வகை. ஒரே அழுத்தில் இரண்டும் சேர்ந்து வருவது ஒற்றைச் செயல் வகை. வாங்குவதானால் இரட்டைச் செயலையே வாங்குங்கள். கை பழக ஒரு வாரம் கூடுதலாகும், ஆனால் மயிரிழை போன்ற கோடும் மூடுபனி போன்ற சாயலும் ஒரே கருவியில் கிடைக்கும்.

ஊசியின் அளவு 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். 0.2 ஓவியர்களுக்கு. கேக் நிறம் சற்றுக் கெட்டியானது, அதில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பொதுவேலைக்கு 0.3 நல்லது. முத்து மினுமினுப்பும் தங்க நிறமும் அடிப்பதானால் 0.5. அவற்றில் கரையாத நுண்துகள் மிதப்பதால் சின்ன மூக்கில் சிக்கும். காற்றழுத்தம் 10 முதல் 25 பிஎஸ்ஐக்குள் இருந்தால் கேக்குக்குப் போதும். உங்களிடம் இருக்கும் யுஎஸ்பி சார்ஜ் வகையும் அந்த எல்லைக்குள்தான் வேலை செய்கிறது. சில நிமிடம் தொடர்ந்து ஓடினால் சூடாகும், நிறுத்தி நிறுத்தி அடியுங்கள். வாரத்துக்கு ஒரு கேக் செய்பவருக்கு அது போதுமானது. ஆர்டர் பெருகினால் மேசை மேல் வைக்கும் சின்ன கம்ப்ரஸருக்கு மாறலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டிக்கு பெயிண்ட் அடிக்கும் பட்டறை கம்ப்ரஸரோடு ஏர்பிரஷை இணைக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அந்த வகை கம்ப்ரஸர்களில் பலவற்றுக்குள் எண்ணெய் இருக்கிறது. அதன் ஆவி காற்றோடு கலந்து கேக்கில் படியும். அதேபோல ஓவியத்துக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடித்த ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. உணவுக்கென்று ஒன்று, அதற்கு வேறு வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பா ஸ்பிரே பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் ஓர் இடம் உண்டு. கேக் முழுவதும் ஒரே சீராக முத்துப் பளபளப்பு வேண்டும், அல்லது வெல்வெட் போன்ற சொரசொரப்பு வேண்டும் என்றால் அது சுலபம். வெல்வெட் என்பது கோகோ வெண்ணெய் கலந்த ஸ்பிரே. உறைந்த கேக்கின் மேல் பட்டவுடன் துளித்துளியாக இறுகி மென்முடிபோல நிற்கும். கேக் ஃப்ரீசரில் கல்லாக உறைந்திருக்க வேண்டும். வெறும் ஃபிரிட்ஜ் குளிர் போதாது. மற்றபடி டப்பாவில் அளவை ஆளும் வசதி கிடையாது, ஒரே வேகத்தில்தான் வரும். கோடு போட முடியாது, இரு நிறத்தை இணைப்பதும் கடினம், இரண்டு மூன்று கேக்கில் தீர்ந்துபோகும். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளி நின்று, நன்றாகக் குலுக்கி, விட்டு விட்டு அடிக்க வேண்டும். பெரிய எச்சரிக்கை ஒன்று: இந்த டப்பாக்களில் நிறத்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயு. நம் சமையலறைகளில் கேஸ் அடுப்பு இரண்டடி தள்ளித்தானே இருக்கிறது? ஒரு பக்கம் பால் காய, மறுபக்கம் கேக்குக்கு டப்பா ஸ்பிரே என்று ஒருநாளும் செய்யாதீர்கள். விளக்கேற்றிய பூஜை அலமாரியும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

டப்பாவும் அல்லாமல், வாசனைத் திரவியப் புட்டிபோலக் கையால் அழுத்தும் பம்ப் ஸ்பிரே இருக்கிறது. அதன் துளிகள் பெரியவை. புள்ளி புள்ளியாகத்தான் விழும். விண்வெளி கேக்கில் நட்சத்திரம் தெளிக்க அழகாக இருக்கும், சீரான சாயலுக்கு உதவாது.

ஜெல் கலரைக் கரைத்து ஊற்றலாமா? அவசரத்துக்கு ஊற்றலாம், ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஜெல்லில் கிளிசரினோ சர்க்கரைப் பாகோ கலந்திருக்கும். அவை இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளவை. எனவே கேக்கில் காயாது, ஊசி முனையில் பிசுபிசுத்து அடைக்கும். கரைத்தே ஆக வேண்டுமென்றால் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் பால்போல நீர்க்கக் கரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, மிகக் குறைவாக அடியுங்கள். கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவுத் தகடான ஃபாண்டன்ட் மேல் கரைத்த ஜெல்லை அடிக்காதீர்கள். ஃபாண்டன்ட் சர்க்கரை, தண்ணீர் பட்டால் இளகி ஒட்டும். வெளிநாட்டுச் சமையல் காணொளிகளில் வோட்கா ஊற்றிக் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாராயம் சீக்கிரம் ஆவியாகிவிடும், நிறம் உடனே காயும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பல வீடுகளில் அது ஏற்புடையதல்ல, பிள்ளைகள் கேக்கில் எனக்கும் அது பிடிக்காது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, ஸ்பிரிட்தானே என்று ஹேண்ட் சானிடைசரையோ சர்ஜிக்கல் ஸ்பிரிட்டையோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவை குடிக்கத் தகாத பொருள் சேர்த்தவை. ஒரு துளிகூட உணவில் படக் கூடாது. ஏர்பிரஷுக்கென்றே தயாரித்து விற்கும் நிறத்தை வாங்கிவிடுவதுதான் கடைசியில் செலவும் கவலையும் குறைந்த வழி. சாக்லேட் மேல் அடிக்க மட்டும் தண்ணீர் நிறம் உதவாது, தாமரை இலைத் தண்ணீராகத் திரண்டு உருளும். அதற்கு எண்ணெயில் அல்லது கோகோ வெண்ணெயில் கரைந்த நிறம் தனியாக இருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு இதுதான் முதல் கேள்வி.

நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டே எட்டு: பான்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின், டார்ட்ராசின், சன்செட் எல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியன்ட் புளூ, ஃபாஸ்ட் கிரீன். கேக் போன்றவற்றில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சாயம் இருக்கக் கூடாது. கிரீமில் கலந்தது, ஸ்பிரேயில் அடித்தது, ஸ்பாஞ்சில் ஊற்றியது எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. வீட்டில் மில்லிகிராம் நிறுக்க முடியாது என்பது உண்மை. அதனால்தான் முழுக் கறுப்பு, முழு ரத்தச் சிவப்பு, முழுக் கருநீலக் கேக் கேட்பவர்களிடம் நான் பேசிப் பார்க்கிறேன். சாப்பிட்ட பிள்ளைகளின் நாக்கும் பல்லும் மாலைவரை நீலமாக இருந்தால், அந்தக் கேக்கில் சாயம் தேவைக்கு மேல் போயிருக்கிறது. வெண்மையை நிறைய விட்டு, ஓரத்தில் மட்டும் நீலம் பூசிய கேக் கண்ணுக்கும் இதமாக இருக்கும், வயிற்றுக்கும் பாரமில்லை.

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்தது பரிசோதனையில் தெரியவந்ததுதான் காரணம். கண்ணைப் பறிக்கும் அந்த ரோஜா நிறம் விலை மலிவு என்பதால் உணவுக்குள் நுழைகிறது. எனவே பெயரில்லாத பாக்கெட்டில், கட்டிக் கொடுக்கும் பொடியில், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் கை வைக்காதீர்கள். புட்டியில் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிமத்தின் 14 இலக்க எண், சாயத்தின் பெயர், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். வெள்ளை நிறத்திலும் முத்து நிறத்திலும் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவிலிருந்து விலக்கிவிட்டது. இ171 என்று எழுதியிருந்தால் அதுதான். நான் அதை வாங்குவதை நிறுத்திவிட்டேன். வெள்ளை வேண்டிய இடத்தைக் கிரீமின் வெள்ளையாகவே விட்டுவிடுகிறேன்.

தங்கத்தூள், ரோஸ் கோல்டு, வெள்ளித்தூள் இவற்றில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018-இல் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கேக்கின் மேல் பூசியிருந்த ரோஸ் கோல்டு தூளில் செம்பு இருந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டு மிசௌரியில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்ததற்கு, வீட்டில் செய்த கேக்கின் மஞ்சள் தூளே காரணமாக இருந்தது. கேக்கில் பூசும் இத்தகைய தூள்கள் சிலவற்றின் புட்டியில் 'நச்சற்றது' என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். நச்சற்றது என்பதும் உண்ணத்தக்கது என்பதும் ஒன்றல்ல. 'உண்ணத்தக்கது' என்ற சொல்லும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலும் இரண்டும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். 'அலங்காரத்துக்கு மட்டும்' என்றிருந்தால் அது கேக்கில் படவே கூடாது.

சாப்பிடுவதைப் போலவே மூச்சும். ஸ்பிரே அடிக்கும்போது கேக்கில் படியாத பனி காற்றில் மிதக்கும். சளி சிந்தினால் நீலமாக வருவது வேடிக்கையான விஷயமல்ல, அது நுரையீரலுக்கும் போயிருக்கலாம் என்று பொருள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். டிவி வந்த அட்டைப் பெட்டி போன்ற பெரிய பெட்டியைப் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் திறந்து, உள்ளே டர்ன்டேபிளை வைத்தால் பனி அதற்குள்ளேயே அடங்கும். இல்லாவிட்டால் மிக்ஸி, சுவர், தயிர்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் மெல்லிய படலமாக உட்காரும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் அறையில் இருக்க வேண்டாம்.

கைப்பழக்கத்துக்கு வருவோம். ஒரு குக்கரையோ வட்டமான டப்பாவையோ கவிழ்த்துப் பட்டர் பேப்பர் சுற்றி, டர்ன்டேபிள் மேல் வையுங்கள். கேக் எடுப்பதற்கு முன் பத்து நாள் இதில்தான் பழக வேண்டும். முதலில் காற்று, பிறகு நிறம். நிறுத்தும்போது முதலில் நிறத்தை நிறுத்துங்கள், பிறகு காற்று. இந்த வரிசை மாறினால் முனையில் நின்ற துளி கேக்கில் துப்பும். உங்கள் கேக்கில் புள்ளிகள் விழுந்திருந்தால் அவையும் அப்படி வந்தவையாக இருக்கலாம். கேக்குக்கு வெளியே தொடங்கி, கேக்கைக் கடந்து, மறுபக்கம் வெளியே போய் நிறுத்துங்கள். பக்கவாட்டுக்குக் கையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு டர்ன்டேபிளை மட்டும் சீராகச் சுற்றுங்கள். பதினைந்து, இருபது சென்டிமீட்டர் தள்ளினால் சாயல் விழும், நெருங்கினால் கோடு. மிக நெருங்கி அதிக அழுத்தத்தில் அடித்தால் நிறம் சிலந்திக்கால்போல நாலா பக்கமும் ஓடும், இளகிய கிரீமில் குழியும் விழும். ஒரு சுற்று அடித்ததும் ஒரு நிமிடம் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு தெரிந்தால் அடுத்த சுற்றுக்குக் கேக் இன்னும் தயாராகவில்லை.

இந்த நிறங்கள் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிபவை என்பதை மறக்கக் கூடாது. மஞ்சள் மேல் நீலம் அடித்தால் நீலம் கிடைக்காது, பச்சைதான் கிடைக்கும். அந்திவானம் வரைய ஆசைப்பட்டு மஞ்சளிலிருந்து நேராக நீலத்துக்குப் போய்ப் பாசி படிந்த குளம்போல ஆகிவிட்டதென்று நிறையப் பேர் என்னிடம் வருந்தியிருக்கிறார்கள். மஞ்சளுக்கு மேல் ஆரஞ்சு, அதற்கு மேல் ரோஜா, பிறகு ஊதா, கடைசியில் நீலம் என்று ஏறிப் போக வேண்டும். எப்போதும் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். அடர்ந்ததை வெளிறவைக்க வழியே இல்லை.

இதையெல்லாம் ஒரே கேக்கில் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் மாம்பழக் கேக் செய்து பாருங்கள். போன கோடையில் ராஜபாளையத்துப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்துக்குச் செய்தேன். பங்கனப்பள்ளியா என்று கேட்டேன். செந்தூரம் என்றார்கள். பங்கனப்பள்ளி முழுக்கப் பொன் மஞ்சள், அதில் ஏர்பிரஷுக்கு வேலை குறைவு. செந்தூரத்தின் தோளில் சிவப்பு ஏறி, இடுப்பில் ஆரஞ்சாகி, அடியில் மஞ்சளில் கரையும். அந்தக் கரைவைக் கத்தியாலும் தூரிகையாலும் கொண்டுவர முடியாது, பனிபோல விழும் நிறத்தால்தான் முடியும். கேக்கை மாங்காய் வடிவில் செதுக்கி, வெளிர் மஞ்சள் பட்டர்கிரீம் பூசி, இறுகக் குளிரவைத்தேன். சந்தையில் வாங்கிய ஒரு செந்தூரத்தைக் கேக்கின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். முதல் சுற்று, விலாவில் மட்டும் கொஞ்சம் ஆழ்ந்த மஞ்சள். வயிறு உப்பிய இடத்தைத் தொடவில்லை, வெளிச்சம் படும் இடம் அது. இரண்டாவது, மஞ்சளில் ஒரு துளி பச்சை கலந்து காம்பைச் சுற்றி ஓர் அடித்தடவல். மூன்றாவது, ஆரஞ்சு ஒரு தோளில் மட்டும். மரத்தில் வெயில் பார்த்த பக்கம்தான் சிவக்கும், இரண்டு தோளும் ஒன்றுபோலச் சிவந்தால் அது பொம்மை மாம்பழம். அதன் மேல் சிவப்பு, மூன்று மெல்லிய சுற்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம். கடைசியில் புதுப் பல்துலக்கி ஒன்றைப் பழுப்பு நிறத்தில் தொட்டு விரலால் தெறித்ததும், தோலில் இருக்கும் அந்தச் சின்னப் புள்ளிகள் வந்துவிட்டன. மொத்தம் அரைக் கிண்ணம் நிறம்கூடச் செலவாகவில்லை. பெரியவர் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தார்.

கிரீம் ரோஜாக்களுக்கும் இதே வித்தை. வெள்ளையில் பூ பிழிந்து, குளிரவைத்து, ஒரே பக்கத்திலிருந்து தாழ்வாகச் சாய்த்து அடியுங்கள். இதழ்களின் ஒரு புறம் மட்டும் நிறமேறி, மறுபுறம் வெள்ளையாக நிற்கும். ஒரு நிமிட வேலை.

ஸ்டென்சில், அதாவது வடிவம் வெட்டிய அச்சு வைத்து அடிப்பது தொடங்குபவர்களுக்குத் தைரியம் தரும். விப்பிங் கிரீமில் வேண்டாம், ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஒரு இரவு உலர்ந்த ஃபாண்டன்ட், அல்லது நன்றாகக் குளிர்ந்து இறுகிய பட்டர்கிரீம் ஏற்றது. அச்சு மேற்பரப்போடு இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். நேர்க்குத்தாகப் பிடித்து, குறைந்த அழுத்தத்தில், இரண்டே மெல்லிய சுற்று. சாய்த்து அடித்தால் நிறம் அச்சுக்கு அடியில் புகுந்து ஓரம் மங்கும். தூக்கும்போது இழுக்காமல் நேரே மேலே எடுங்கள். கடையில் விற்கும் லேஸ் அச்சுதான் வேண்டுமென்பதில்லை. கோலமாவு போடும் பிளாஸ்டிக் அச்சு உணவுக்கானதல்ல என்பதால், அதன் வடிவத்தை உணவுத் தர பிளாஸ்டிக் தாளில் வரைந்து வெட்டிக்கொள்கிறேன். பொங்கலுக்கு வெள்ளைக் கேக்கில் காவி நிறத்தில் ஒரு படிக்கோலம் விழும்போது வாசலைப் பார்ப்பது போலவே இருக்கும்.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகை ஒன்றில், பாறையில் கையை வைத்து அதைச் சுற்றிச் செம்மண் நிறத்தை ஊதிப் பதித்த கைத்தடம் இருக்கிறது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டு என்று 2014-இல் கணித்தார்கள். அதைப் படித்த பிறகு, முதல் பிறந்தநாள் கேக்குகளுக்கு நான் ஒரு காரியம் செய்கிறேன். குழந்தையின் உள்ளங்கையைத் தாளில் வரைந்து அனுப்பச் சொல்லி, அந்த வடிவில் வெட்டிய தாளைக் கேக் நடுவில் வைத்து, சுற்றிலும் மட்டும் மெல்லிய ரோஜாவோ நீலமோ ஊதுகிறேன். எடுத்தால் வெள்ளையாக ஒரு சின்னக் கை. வெட்ட மனம் வரவில்லை என்று அந்தத் துண்டை மட்டும் ஃப்ரீசரில் வைத்திருக்கும் பாட்டியை எனக்குத் தெரியும்.

கழுவுவதைச் சோம்பலால் தள்ளிப்போட்டால் எந்தக் கருவியும் நிலைக்காது. நிறம் மாற்றும்போது கிண்ணத்தைத் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, டிஷ்யூவில் நிறமற்று வரும்வரை அடியுங்கள். வேலை முடிந்ததும் மூக்கை மடித்த டிஷ்யூவால் மென்மையாக அடைத்துக்கொண்டு விசையை இழுங்கள். காற்று பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழியிடும், உள்ளே ஒட்டியிருப்பது வெளியே வரும். பிறகு ஊசியைப் பின்பக்கமாக உருவி, முனையை நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். முனை ஒரு மயிரளவு வளைந்தாலும் நிறம் ஒரு பக்கமாகவே போகும், துப்பவும் துப்பும். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீர் காய்ந்தால் குழாயில் வெள்ளை உப்புப் படியும், அதே உப்புதான் 0.3 மில்லிமீட்டர் துளையிலும் படியும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ அரை டம்ளர் போதும். கருவியை முழுதாகத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, உள்ளிருக்கும் வளையங்கள் கெடும். மூக்கைக் கழற்றும் முன் சிங்க் துவாரத்தை அடைத்துவிடுங்கள். அரிசி அளவுகூட இல்லாத அந்தப் பாகம் உருண்டு விழுந்தால் திரும்பக் கிடைக்காது.

உங்கள் கருவியில் இப்போது கறுப்பு காய்ந்து அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தூக்கிப் போட வேண்டாம். ஊசியை எடுத்துவிட்டு, மூக்கை மட்டும் கழற்றி ஒரு கிண்ணம் சூடான ஆர்ஓ தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள். பின்னோ தையல் ஊசியோ நுழைக்காதீர்கள், துளை அகன்றுவிடும். தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள். மூன்றாவது தண்ணீர் தெளிவாக நின்றால் பூட்டி, வெறும் தண்ணீரை அடித்துப் பாருங்கள். நுனியிலிருந்து ஒரே சீரான பனி வந்தால் அதே கருவியில் அடுத்த கேக்கைத் தொடங்கலாம்.